தேதியைக் குறித்தது யார்?

2021 மே 6. டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் போகிறவர்களுக்கு ஃபைசரும் பயோஎன்டெக்கும் தடுப்பூசியை நன்கொடையாகத் தரப்போவதாக சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது. அன்றைக்கு ஜப்பானில் இரண்டு தவணையும் போட்டு முடித்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்தான். முதியவர்களுக்கு ஊசி போட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோவிட் வார்டில் நிற்கிற மருத்துவப் பணியாளர்களிலேயே ஏராளமான பேருக்கு இரண்டாவது ஊசி வந்து சேரவில்லை. அந்த நேரத்தில், இருபது வயசில் திடகாத்திரமாக இருக்கிற ஓட்டக்காரருக்கு ஊசி. கோபம் வருமா, வராதா?

வந்தது. ஆனா அது போய் விழுந்த இடம்தான் தப்பு. ரிகாகோ இகே என்ற நீச்சல் வீராங்கனை ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து அணியில் இடம் பிடித்தவர். அப்போது அவருக்கு வயது 20. ஒலிம்பிக்கிலிருந்து விலகு, எதிர்த்துப் பேசு என்று அவருடைய சமூக ஊடகக் கணக்குகளில் செய்திகள் குவிந்தன. தன்னால் எதையும் மாற்ற முடியாது, இதை ஒரு தனி வீரர்மேல் சுமத்துவது வேதனையாக இருக்கிறது என்று அவர் பதில் எழுத வேண்டியிருந்தது. அவர் சொன்னது சரி. அவர் கையில் என்ன இருந்தது?

என் கட்சி இதுதான். வீரர்களுக்கு ஊசி போட்டதில் அநியாயம் இல்லை. அந்த ஜூலையில் போட்டியை நடத்தியே தீருவோம் என்று முடிவெடுத்ததில்தான் அநியாயம். ஊசி அந்த முடிவுக்கு வந்த பில். பில்லைப் பார்த்துக் கத்தினோம், ஆர்டர் கொடுத்தவரை விட்டுவிட்டோம்.

ஊசியை நியாயப்படுத்த அப்போது சொன்ன சமாதானங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். "நாங்க யாரோட பங்கையும் எடுக்கல, இது தனி ஸ்டாக்" என்பது முதல் சமாதானம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 2021 மே மாதத்தில் உலகத் தடுப்பூசியில் 0.3 சதவீதம்தான் மிக ஏழை நாடுகளுக்குப் போகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் புலம்பிக்கொண்டிருந்தார். ஊசி கிடைக்காமல் உலகமே காத்திருக்கும்போது 'தனி ஸ்டாக்' என்று ஒன்று எங்கிருந்து வரும்? எல்லாமே அதே தொழிற்சாலைகளிலிருந்து வந்த குப்பிகள்தான். யாருக்கு முதலில் என்பதைச் சுகாதாரத் துறை முடிவு செய்தால் அதற்கு வரிசை என்று பெயர். கம்பெனி முடிவு செய்தால் நன்கொடை என்று பெயர். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது சமாதானம், எண்ணிக்கை. கமிட்டியின் மூத்த உறுப்பினர் டிக் பவுண்ட் 2021 ஜனவரியிலேயே இதைச் சொன்னார். கனடாவில் முந்நூறு, நானூறு வீரர்கள்தானே, பல லட்சம் ஊசியில் அது ஒரு பொருட்டா, யாரும் கூச்சல் போட மாட்டார்கள் என்றார். ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பின்வாசல் வழியாகப் போவது ஒரே ஒரு மூட்டைதான். அதற்குப் பிறகு வரிசையில் நிற்கிற ஒருத்தரும் வரிசையை நம்புவதில்லை. பெருந்தொற்றில் மருந்துக்கு அடுத்து முக்கியமான சரக்கு அந்த நம்பிக்கைதான்.

மூன்றாவது, முன்மாதிரி. பிரபலங்கள் போட்டுக்கொண்டால் ஜனங்களுக்குப் பயம் போகும் என்றார்கள். போகலாம். நம்ம ஊரில் நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு 59 வயது. 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஏப்ரல் 1 முதல் ஊசி திறந்துவிடப்பட்டிருந்தது. இரண்டு நாளில் அவர் மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொல்லியும் வதந்தி ஓயவில்லை. அந்த வதந்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். அவர் தன் முறை வந்தபோது, அரசு மருத்துவமனைக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். முன்மாதிரி என்றால் அது. வரிசையைத் தாண்டிக்கொண்டு முன்மாதிரியாக இருக்க முடியாது.

"அப்போ வீரர்களுக்கு ஊசி போடாமலே கூட்டிட்டுப் போயிருக்கணுமா?" இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட அணிகள், பதினோராயிரம் வீரர்கள், ஒரே குடியிருப்பு, ஒரே சாப்பாட்டுக் கூடம். மல்யுத்தத்திலும் ஜூடோவிலும் மூச்சு மூச்சோடு உரசும். போட்டி முடிந்ததும் அத்தனை பேரும் இருநூறு ஊர்களுக்குத் திரும்புவார்கள். ஊசி போடாமல் இதை நடத்தியிருந்தால் அது பைத்தியக்காரத்தனம். நடத்துவது என்று ஆகிவிட்டால் ஊசி போட்டே ஆகணும். என் கேள்வி அந்த 'ஆகிவிட்டால்' மேல்தான். ஆக்கியது யார்?

அசாஹி நாளிதழ் மே மாதத்தில் நடத்திய கருத்துக்கணிப்பில் 83 சதவீதம் பேர் ரத்து செய்யுங்கள் அல்லது தள்ளிவையுங்கள் என்றார்கள். அந்தப் பத்திரிகையே ஒலிம்பிக்கின் விளம்பரப் பங்காளிதான். அதுவும் ரத்து செய்யச் சொல்லித் தலையங்கம் எழுதியது. டோக்கியோவில் ஒரு மருத்துவமனை, எங்களால் இதற்கு மேல் முடியாது, ஒலிம்பிக்கை நிறுத்துங்கள் என்று ஜன்னலில் எழுதி ஒட்டியது. ஏற்பாட்டுக் குழுவோ செவிலியர் சங்கத்திடம், போட்டிக்கு 500 செவிலியர் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது. கொதிக்காமல் என்ன செய்வார்கள்?

போட்டியை ரத்து செய்யும் அதிகாரம், நகரத்தோடு போட்ட ஒப்பந்தப்படி, கமிட்டியிடம் மட்டுமே இருந்தது. கமிட்டியின் வருமானத்தில் பெரும் பங்கு ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருகிறது. இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் தேதியைக் குறித்தது யார் என்பது தெரிந்துவிடும். 2020 மார்ச்சில் ஒருமுறை ஓராண்டு தள்ளிவைத்தவர்கள்தான் இவர்கள். தள்ளிவைக்கவே முடியாத விஷயம் இல்லை. இன்னொரு முறை தள்ள மனசு வரவில்லை.

அந்த ஊசி முதலில் யாரைப் பாதுகாத்தது என்றும் பாருங்கள். கேமராவில் தெரிகிறவர்களை. வீரர்களுக்கு ஊசி அறிவித்த நேரத்தில் தன்னார்வலர்களுக்குக் கிடைத்தது துணி முகக்கவசம் இரண்டு, கைகழுவும் திரவம் ஒரு பாட்டில், கொஞ்சம் அறிவுரை. எண்பதாயிரம் பேரில் பத்தாயிரம் பேர் ஜூனுக்குள் விலகிவிட்டார்கள். மற்றவர்களுக்கு முறை வந்தது வீரர்களுக்குப் பிறகுதான். பஸ் ஓட்டுகிறவரும் தட்டுக் கழுவுகிறவரும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

பிறகு நடந்தது பதிவில் இருக்கிறது. வீரர் குடியிருப்பில் 80 சதவீதத்துக்கு மேல் ஊசி போட்டவர்கள் என்று கமிட்டி பெருமைப்பட்டது. வேலிக்கு வெளியே, ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஒரே நாளில் 5,042 பேருக்குத் தொற்று. அதற்கு மூன்று நாள் முன்புதான், நோய் முற்றியவர்களுக்கும் முற்றும் அபாயம் உள்ளவர்களுக்கும் மட்டுமே மருத்துவமனைப் படுக்கை, மற்றவர்கள் வீட்டில் இருங்கள் என்று பிரதமர் சுகாவின் அரசு அறிவித்திருந்தது. வீரர்கள்தான் பரப்பினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே நகரத்தில் இரண்டு விதமான உயிர்கள் இருந்தன என்கிறேன்.

ஜப்பானைச் சொல்லி நாம் தப்பிக்க வேண்டாம். அதே ஏப்ரல் கடைசியில் டெல்லி மருத்துவமனைகள் ஆக்சிஜனுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அதே ஊரில் ஐபிஎல் மேட்ச் ஓடியது. குடும்பத்தில் தொற்று என்று அஸ்வின் பாதியிலேயே விலகினார். மே 4 அன்று தொடரை நிறுத்தினார்கள். எதனால்? தொற்று வீரர்களுக்கே வந்ததால். வெளியே செத்துக்கொண்டிருந்தவர்கள் அதுவரைக்கும் போதுமான காரணமாக இல்லை.

அடுத்த பெருந்தொற்று வரும். அன்றைக்கும் வீரருக்கு ஊசி போடலாமா கூடாதா என்று பட்டிமன்றம் வைப்பார்கள். அந்தக் கேள்வியை வாங்காதீங்க. நடத்துகிற ஊரின் செவிலியர்களுக்கும் முதியவர்களுக்கும் ஊசி போட்டு முடிந்ததா? போட்டியில் வேலை செய்கிற கடைசி ஆள் வரைக்கும் வீரருக்குக் கிடைக்கிற அதே ஊசி, அதே நாளில் உண்டா? இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் தேதியைத் தள்ளுங்கள். ஓட்டக்காரர் ஓராண்டு காத்திருப்பார். அது அவருக்குப் பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வார்டில் படுக்கை கிடைக்காதவருக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.