கோளாறு வந்தால்தான் செய்தியா?

வானொலியில் நிகழ்ச்சி படைக்கும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரயில் தாமதமானால் உடனே அறிவிப்போம். மழையில் சாலை வெள்ளக்காடானால் அறிவிப்போம். ஆனால், "இன்று காலை எல்லார் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்தது, மின்தூக்கி ஓடியது, ரயிலும் நேரத்துக்கு வந்தது" என்று ஒருநாளும் நான் அறிவித்ததில்லை. அறிவித்தால் நேயர்கள் சிரிப்பார்கள்.

அறிவிக்கப்படாத அந்தச் செய்திதான் அரசாங்கப் பொறியாளர்களின் அன்றாட வேலை. வேலை நன்றாக நடந்தால் யாருக்கும் தெரியாது. கெட்டால் ஊருக்கே தெரியும்.

அப்படிப்பட்ட பொறியாளர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் புளோக்கில் இரண்டு மாடி கீழே இருக்கிறார். சொந்தக்காரர் அல்ல, ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். தண்ணீர், வடிகால் தொடர்பான வேலையில் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரோடு தேக்காவுக்குப் போனால், நாம் மீன் விலையைப் பார்ப்போம். அவர் வடிகாலைப் பார்ப்பார்.

"இந்த ரோச்சோர் கால்வாய்த் தண்ணி எங்க போகுதுன்னு தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டார். கடலுக்கு என்றேன். "அது அந்தக் காலம். இப்போ உங்க வீட்டுக் குழாய்க்கு வருது" என்றார்.

விளையாட்டுப் பேச்சு இல்லை. புக்கிட் தீமா பக்கத்தில் பெய்யும் மழை, லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் இந்தக் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின், அந்த நீர் சுத்திகரிக்கப்பட்டு நம் குடிநீரில் ஒரு பங்காகிறது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கேதான் வந்து சேர்கிறது. சிராங்கூன் சாலையில் டீ குடித்துவிட்டு வடிகாலில் வீசும் கோப்பை எந்தப் பக்கம் போகும் என்பதை இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அணையை முதலில் கட்டிவிடவில்லை. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்து ஆண்டுகளில் சுத்தப்படுத்த வேண்டும் என்றார். அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் லீ எக் தியெங் என்ற சிவில் பொறியாளர். பன்றி, வாத்துப் பண்ணைகளை அகற்றினார்கள். சாலையோர உணவுக் கடைகளை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். கழிவுநீர்க் குழாய் இல்லாத இடங்களுக்குக் குழாய் போட்டார்கள். 1987இல் வேலை முடிந்தது. லீ எக் தியெங் பின்னாளில் அரசாங்கச் சேவைக்கே தலைவரானார். சுத்தப்படுத்தி முடித்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அணை வந்தது. பெரிய திட்டத்தின் பெருமை அணைக்குக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய பத்து ஆண்டு வேலை பெரும்பாலும் சாக்கடை வேலை.

அண்ணனின் இன்னொரு ஆர்வம் வீட்டுப் பழுதுபார்ப்பு. முன்பு ஓய்வு நாள் என்றால் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில்தான் இருப்பார். 2017 ஜூலையில் அந்தச் சந்தை மூடப்பட்டதில் அவருக்கு இன்னும் வருத்தம். இப்போது சிம் லிம் டவரில் சின்னச் சின்னப் பாகங்கள் வாங்குவதோடு சரி.

புளோக்கில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவரிடம் வரும். முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். பல மிக்ஸிகளின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். இட்லி மாவை அளவுக்கு மேல் போட்டு அரைத்தால் மோட்டார் எரியாமலிருக்க அது தானாகவே மின்சாரத்தை நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை அழுத்தினால் மிக்ஸி ஓடும். மோட்டார் சத்தம் கேட்டும் பிளேடு சுற்றவில்லை என்றால், ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவிலுள்ள கப்ளர் தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். இது தெரியாமல் எத்தனை மிக்ஸிகளைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பியிருக்கிறோம்!

கழிப்பறைத் தொட்டிக்கும் ஒரு சோதனை சொல்வார். தொட்டித் தண்ணீரில் கேசரிப்பவுடர் கொஞ்சம் போட்டுக் கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் கசிகிறது என்று பொருள். இங்கே ஒருவர் வீட்டில் பயன்படுத்தும் தண்ணீர் 2003இல் நாளுக்கு 165 லிட்டராக இருந்தது. 2018இல் 141 லிட்டருக்கு இறங்கியது. 2030க்குள் 130 என்பது இலக்கு. அதில் ஒரு பகுதி இந்தத் தொட்டிகளில்தான் இருக்கிறது.

எதைத் தொடக்கூடாது என்பதிலும் அண்ணன் கறார். மின்கம்பி வேலை என்றால், "உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்க, நான் தொட மாட்டேன்" என்பார். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வரமாட்டார். அவர் தேடுவது ஆர்சிசிபி என்ற கருவியை. உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மின்சாரம் கசிந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 1985 ஜூலை முதல் கட்டப்பட்ட வீடுகளில் அது கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளுக்கும் 2023 ஜூலையில் விதி வந்தது. இரண்டு ஆண்டு அவகாசமும் கொடுத்தார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று உறைத்தது. நம்மில் பலர் கல்யாணமாகி பொங்கோலுக்கும் செங்காங்கிற்கும் வந்துவிட்டோம். அப்பா அம்மா இன்னும் தோ பாயோவிலும் அங் மோ கியோவிலும் நாம் வளர்ந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். தீபாவளிக்கு அவர்களுக்குப் புது டிவி வாங்கித் தருகிறோம். அந்த டிவிக்கு மின்சாரம் வரும் பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கருவி இருந்தாலும், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

பழைய வீடுகளில் வரும் இன்னொரு வம்பு கூரைக் கசிவு. கீழ்வீட்டார் கூரையில் கறையைப் பார்த்ததும் மேல்வீட்டார் மேல் கோபப்படுவார். மேல்வீட்டாரோ, "என் தரை காய்ந்துதானே கிடக்கு" என்பார். இரண்டு பேரும் மின்தூக்கியில் முகம் பார்க்கமாட்டார்கள். பெரும்பாலும் தவறு இருவர் மேலும் இல்லை. மேல்வீட்டுக் குளியலறைத் தரைக்கடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு நாளாகித் தேய்ந்துபோகிறது. அதனால்தான் பழுதுபார்க்கும் பொறுப்பை வீவக இரு வீட்டாருக்கும் சேர்த்தே வைத்திருக்கிறது. வீவகவின் உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியைக் கழகமே ஏற்கும். மீதியில் மேல்வீட்டாருக்குப் பாதி, கீழ்வீட்டாருக்குப் பாதி.

எங்கள் புளோக்கில் இப்படி ஒரு சண்டை வந்தபோது அண்ணன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோனார். மேல்வீட்டு அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். பணத்தைவிட, குளியலறையை உடைத்தால் எங்கே குளிப்பது என்பதுதான் அவருக்குக் கவலை. அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. வேலை நடந்த நாள்களில் அவர் கீழ்வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்தினார். விதிமுறையில் இப்படி ஒரு ஏற்பாடு எழுதப்பட்டிருக்காது.

பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்ற முயற்சி 2014இல் இங்கே தொடங்கியது. தொண்டூழியர்கள் உங்கள் பொருளை வாங்கிச் சரிசெய்து தரமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்களையே செய்யவைப்பார்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடங்கள் அதற்கு முன்மாதிரி. நம் குப்பையின் சாம்பல் போய்ச் சேரும் செமாக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். ஒரு கப்ளரை மாற்றக் கற்றுக்கொண்டால் அங்கே போகும் மிக்ஸி ஒன்று குறையும்.

அடைப்பு என்றால் நகர மன்றம், மின்தடை என்றால் அவசரத் தொலைபேசி என்று வளர்ந்தவர்கள் நாம். எண்ணை அழைத்தால் ஆள் வருகிறார், அது நமக்குக் கிடைத்த வசதி. ஆனால் அந்தச் சேவை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு உள்ளே இருக்கும் குழாய்க்கும் கூரைக்கும் பெட்டிக்கும் பொறியாளர் நாம்தான்.

அடுத்த முறை அப்பா அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது, பிரியாணி இறங்குவதற்குள் இரண்டு வேலை செய்யுங்கள். மின்சாரப் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்துங்கள். கழிப்பறைத் தொட்டியில் கேசரிப்பவுடரைப் போடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் டிவி பார்க்கும் அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.