தனி விதி இருந்தால்தான் தனி ஆளா?

பகடை உருட்டி, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்ப்பு தவறாமல் வந்துவிடும். ஒவ்வொரு கிளாஸுக்கும், அதாவது ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகைக்கும், தனி விதிமுறை வேண்டும், இல்லையேல் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் என்பார்கள். 2008-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பைச் சான்றாகவும் காட்டுவார்கள். இந்தத் தீர்ப்பு தவறானது. ஒரு கிளாஸைத் தனித்துக் காட்டுவது, அதை ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவும் தோழர்கள் அவரை நம்பியிருக்கும் காரியமும்தான். அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: சட்டகம் ஒன்றானால் ஆட்டமும் ஒன்றாகிவிடும். நான்காம் பதிப்பில் எப்போதும் செய்யத்தக்கவை, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என்று எல்லா கிளாஸ்களின் திறன்களும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் ஃபைட்டர், பாலடின் என்ற இரு கிளாஸ்களையும் ஆடிப் பாருங்கள். தோழர்களைக் காப்பதுதான் இருவரின் வேலையும். இருவரும் எதிரியை மார்க் செய்கிறார்கள், அதாவது தம்மை விட்டு வேறொருவரைத் தாக்கினால் விலை கொடுக்கும்படி குறிவைக்கிறார்கள். ஃபைட்டர் மார்க் செய்த எதிரி பக்கத்தில் நின்றபடி வேறொருவரைத் தாக்கினாலோ நழுவப் பார்த்தாலோ, ஃபைட்டரின் அடி குறுக்கே விழும். அதனால் எங்கே நிற்பது என்பதே அவருடைய ஓயாத கவலை. பாலடின் மார்க் செய்வது சவால் விட்டுத்தான். அந்தச் சவாலை மீறும் எதிரியைத் தெய்வ ஒளியே சுட்டுவிடும், பாலடின் அருகில் இல்லாவிட்டாலும். ஆனால் தன் முறை வரும்போது அவர் அந்த எதிரியைத் தாக்க வேண்டும், அல்லது அவனருகே போய் நிற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், வேறொருவனுக்காவது சவால் விட்டாக வேண்டும். அதுவும் தவறினால் மார்க் அற்றுப்போகும். ஒருவர் இடத்தைக் காக்கிறார், மற்றவர் சொன்ன சொல்லைக் காக்கிறார். அதே பதிப்பின் வார்லார்டோ தான் அடிக்கும் வாய்ப்பையே தோழருக்குக் கொடுத்து அவரை அடிக்கவைக்க முடியும். அவரை ஆடுபவரின் கண் எப்போதும் பிறர் மேல்தான் இருக்கும்.

இரண்டாம் வாதம்: தனி விதிமுறை தந்தால் தனித்தன்மை தானே வரும். அதே விளையாட்டின் 1981 பேசிக் பதிப்பில் வரும் தீஃப் என்ற திருடன் கிளாஸுக்கு அப்படித்தான் தந்தார்கள். அவருடைய திறமைகளில் பெரும்பாலானவை சதவீதக் கணக்கில் ஓடின. மற்ற கிளாஸ் எதற்கும் அப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. முதல் நிலையில் பூட்டைத் திறக்க 15 சதவீதம், பொறியை நீக்க 10, நிழலில் மறைய 10. பத்துக்கு ஒன்பது முறை பிடிபடுபவரை நம்பி எந்தக் குழுவும் திட்டம் போடாது. சுவர் ஏறுவதற்கு மட்டும் 87 சதவீதம் இருந்தது. அதனால் சுவர் என்றால் எல்லோரும் தீஃபைப் பார்த்தார்கள். இரண்டிலும் விதியின் வடிவம் ஒன்றுதான். தோழர்கள் சார்ந்திருக்க முடிந்த இடத்தில் மட்டுமே அவர் தீஃபாக நின்றார்.

மூன்றாம் வாதம்: ஒருவர் செய்வதை மற்றவர் செய்ய முடியாதபடி தடுக்க வேண்டும். ஜான் ஹார்ப்பர் 2017-இல் வெளியிட்ட பிளேட்ஸ் இன் த டார்க் இதற்கு நேரடி மறுப்பு. அதில் யாரும் எந்தச் செயலிலும் இறங்கலாம். எல்லோரும் உருட்டுவது ஆறுமுகப் பகடைதான். ஆனால் கட்டர், ஸ்லைடு, ஸ்பைடர் போன்ற பாத்திர வகைகளுக்கு அனுபவப் புள்ளி சேரும் வழி வேறுபடுகிறது. சிக்கலை வன்முறையாலோ மிரட்டலாலோ எதிர்கொண்டால் கட்டருக்குப் புள்ளி. ஏமாற்றியோ செல்வாக்கைக் காட்டியோ எதிர்கொண்டால் ஸ்லைடுக்கு. கணக்குப் போட்டோ சதி செய்தோ எதிர்கொண்டால் ஸ்பைடருக்கு. ஒரே வாயிற்காவலனிடம் மூவரும் மூன்று விதமாகப் போவார்கள். தடை ஏதும் இல்லாமலேயே குணம் வந்துவிட்டது.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயமும் உண்டு. நான்காம் பதிப்பின் பல திறன்கள் ‘இவ்வளவு சேதம், ஒரு கட்டம் தள்ளு’ என்ற அளவில் நின்றவை, படிக்கும்போது அலுப்பூட்டின. எளிமையாக ஆட விரும்பியவருக்கு அதில் ஒரு கிளாஸும் இல்லாமல் போனது பெரிய குறை. 2010-இல் அதே பதிப்பின் எசென்ஷியல்ஸ் வரிசை, நாளுக்கு ஒருமுறைத் தாக்குதல்கள் இல்லாத நைட்டையும் ஸ்லேயரையும் கொண்டுவந்து அந்தக் குறையைக் குறைத்தது. ஆனால் எளிமை வேண்டும் என்பது ஒரு கோரிக்கை, எல்லாம் ஒன்று என்பது வேறொரு குற்றச்சாட்டு. முன்னதை ஏற்கிறேன், பின்னது ஆட்டத்தில் நிற்கவில்லை.

புதிதாக ஒரு கிளாஸை எழுதுபவர்களிடம் நான் கேட்பது இதுதான். எந்தப் பகடை என்று யோசிக்கும் முன், இவருடைய முறை வரும்போது இவர் எதை எண்ணித் தயங்குவார், இவர் இல்லாவிட்டால் தோழர்கள் எதை இழப்பார்கள் என்று எழுதிவையுங்கள். பாத்திரத் தாளை மறைத்துவிட்டு ஒரு சுற்றுப் பேச்சை மட்டும் கேட்டாலும் யார் எந்த கிளாஸ் என்று தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் தனி விதிமுறை எத்தனை சேர்த்தாலும் பயனில்லை.