'எஃப்.ஆர்.' வயர்னா கரண்ட் கசியாதா? வயர் பிளாஸ்டிக்கில் கலக்கும் கெமிக்கல்கள் என்ன செய்யும்?

வீட்டுக்கு வயரிங் செய்யப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, 'எஃப்.ஆர். வயர் இருக்கா?' என்றுதான். தீ பரவுவதைத் தடுக்கும் வயர் என்பது அதன் பொருள். அவ்வளவுதான் பொருள். ஆனால் அந்த ரெண்டு எழுத்தைப் பார்த்ததும் 'இது எல்லாத்துக்கும் சேஃப்' என்று நிறைய பேர் நினைத்துவிடுகிறார்கள்.

தீயைத் தாங்குவது வேறு, கரண்டைக் கசியவிடாமல் வைத்திருப்பது வேறு. ஒன்றுக்காகக் கலக்கும் பொருள் இன்னொன்றைக் கெடுக்கவும் வாய்ப்பு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

வளைவதற்கு ஒரு விலை

நம் வீட்டு வயர்களில் பெரும்பாலும் செம்புக் கம்பிக்கு மேல் இருப்பது பி.வி.சி. பிளாஸ்டிக். பாடப்புத்தகம் இதை 'மின்காப்பு' என்கிறது, எலெக்ட்ரீஷியனுக்கு இது 'இன்சுலேஷன்'. எதுவும் கலக்காத பி.வி.சி. கரண்டை நன்றாகவே தடுக்கும். பிரச்னை என்னன்னா, அது தண்ணீர் பைப் மாதிரி விறைப்பாக இருக்கும். அதை வளைத்து சுவிட்ச் பாக்ஸுக்குள் திணிக்க முடியாது.

அதனால் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். 100 கிலோ பி.வி.சி.க்கு சுமார் 40 முதல் 60 கிலோ வரை. நாம் கையில் பிடிக்கும் வயரின் மேலுறையில் கணிசமான பங்கு இந்த எண்ணெய்தான்!

இது பி.வி.சி.யின் நீளமான மூலக்கூறு சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை அசைய விடுகிறது. சங்கிலி அசைந்தால், பிளாஸ்டிக்கில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் அயனிகளுக்கும், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களுக்கும், நகர இடம் கிடைக்கும். அப்படி அயனிகள் நகர்வதுதான் கசிவு. வெப்பம் ஏறினால் இது இன்னும் வேகமெடுக்கும்.

இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 5831-ஐப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும். சாதாரண 'டைப் ஏ' பி.வி.சி. இன்சுலேஷனின் மின்தடை எண் 27 டிகிரி செல்சியஸில் குறைந்தது 10 லட்சம் கோடி ஓம்-சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதே பொருளுக்கு 70 டிகிரியில் 1,000 கோடி இருந்தாலே போதும். ஆயிரத்தில் ஒரு பங்கு! தரமான வயருக்கு இதுவும் பாதுகாப்பான அளவுதான், பயப்பட வேண்டாம். ஏற்கெனவே கலவை சரியில்லாத வயர், ஏ.சி., கீசர் லோடில் பைப்புக்குள் சூடாகும்போதுதான் சிக்கல்.

ரெண்டும் வெள்ளை மாவுதான், ஆனால்...

விலையைக் குறைக்க சேர்ப்பது சுண்ணாம்புக்கல் மாவு, அதாவது கால்சியம் கார்பனேட். அளவோடு சேர்த்தால் தப்பில்லை. அள்ளிக் கொட்டினால் மேலுறை வலுவிழந்து, வளைக்கும் இடத்தில் விரிசல் விடும். விரிசலில் ஈரம் இறங்கினால் மற்றதைச் சொல்லவே வேண்டாம்.

சுட்ட களிமண் மாவு இதற்கு நேர் எதிர். உயர் வெப்பத்தில் சுட்ட கயோலின் களிமண்ணைக் கொஞ்சம் சேர்த்தாலே, திரியும் அயனிகளை அது தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்தடை கூடும். வயரை வாங்கும் நமக்கு உள்ளே எந்த மாவு இருக்கிறது என்று தெரியப்போவதில்லை.

இன்னொன்று ஈயம். சூடானால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். அதைப் பிடித்து நிறுத்த பல பத்தாண்டுகளாக ஈயச் சேர்மங்களைத்தான் பயன்படுத்தினார்கள். காரணம், அப்போது உருவாகும் ஈய குளோரைடு தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால் கசிவு கூடாது. ஆனால் ஈயம் நஞ்சு. ஐரோப்பிய பி.வி.சி. துறை 2015-உடன் அதைக் கைவிட்டது. மாற்றாக வந்த கால்சியம்-துத்தநாகக் கலவையில் உருவாகும் கால்சியம் குளோரைடோ காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அதைச் சமாளிக்க வேறு பொருட்களையும் சேர்க்க வேண்டும். ஈயம் போனது நல்லதுதான், ஆனால் அந்த வேலையை மலிவாக முடிக்க முடியாது.

தீயை அணைக்கும் பொடி

பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். அதனால் சட்டென்று பற்றாது, ஆனால் எரிந்தால் கண்ணையும் மூச்சையும் அடைக்கும் அமிலப் புகை. எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். வகை வயரில் இந்த அமில வாயு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 694.

ஹெச்.எஃப்.எஃப்.ஆர். வகையில் குளோரினே இல்லை. அதற்குப் பதிலாக, பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடி. சில கலவைகளில் மொத்த எடையில் 60 சதவீதம் வரை இதுதான். சுமார் 200 டிகிரியில் இது சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டு தீயைக் குளிர்விக்கும். பிரமாதமான ஐடியா. ஆனால் இந்தப் பொடியின் மேற்பரப்புக்குத் தண்ணீர் என்றால் பிடிக்கும், தயாரிப்பின்போது தங்கிய சோடியமும் அதில் இருக்கும். நீண்ட நாள் ஈரத்தில் கிடந்தால் மின்தடை இறங்கும். நல்ல தயாரிப்பாளர்கள் சோடியம் குறைந்த பொடியை வாங்கி, அதற்கு சிலேன் பூச்சும் கொடுப்பார்கள். அதற்குக் காசு ஆகும்.

என்னைக் கேட்டால், அடுக்குமாடி, மருத்துவமனை, மண்டபம் போன்ற இடங்களில் புகை குறைந்த வயருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். தீ விபத்தில் புகையே பலரைக் கொல்கிறது. ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு 'எஃப்.ஆர்.' எழுத்தை மட்டும் பார்த்து வயர் எடுப்பது சரியல்ல.

வீட்டில் என்ன பார்க்கணும்?

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். ஃபால்ஸ் சீலிங்கில் தெர்மோகோலை ஒட்டியபடி வயர் போகவிடாதீர்கள். பிளாஸ்டிசைசர் தெர்மோகோலுக்கு இடம்பெயர்ந்து, வயர் விறைத்து வெடிக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க 'மெகர்' டெஸ்ட் இருக்கிறது. மத்திய மின்சார ஆணைய விதிப்படி, 500 வோல்ட் டி.சி.யை ஒரு நிமிடம் கொடுக்கும்போது, வீட்டு இணைப்பின் மின்தடை குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். வயரிங் முடிந்ததும் ஒருமுறை எடுத்துக் குறித்து வையுங்கள், மழைக்காலத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். டெஸ்ட்டுக்கு முன் மெயினை ஆஃப் செய்து, டி.வி., இன்வெர்ட்டர், எல்.இ.டி. பல்புகளைக் கழற்றச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் அவை போய்விடும்.