அப்பத்தாவுக்கு காசி, எனக்கு ஒரு கணக்கு: டூர் ஏஜென்ட் தேவையா?

செமஸ்டர் லீவு விட்டாச்சு. ஊர் சுத்தலாம்னு பார்த்தா வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

திருச்சுழி பக்கத்தில் இருக்கிற எங்க அப்பத்தாவுக்கு எழுபதைத் தாண்டிய வயசு. அது போன அதிக தூரம் பழனி. ஆடு வித்த காசு, சீட்டு எடுத்த காசு எல்லாம் சேர்த்து வச்சுக்கிட்டு, "காசிக்குப் போகணும், கயாவுல உங்க தாத்தாவுக்கு திதி கொடுக்கணும்"னு சொல்லிடுச்சு. அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு டூர்க்காரரிடம் நோட்டீஸ் வாங்கி வந்தார். காசி, கயா, பிரயாக்ராஜ், அயோத்தி. 11 நாள், சாப்பாடு உட்பட தலைக்கு 23,500 ரூபாய்.

காமர்ஸ் படிக்கிற பையன் வீட்டில் இருக்கும்போது இப்படி ஒரு தொகையைச் சொல்லலாமா? உடனே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ராமேஸ்வரத்தில் இருந்து பனாரஸுக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது. தூங்கும் வசதிப் பெட்டியில் போக ஆயிரம், வர ஆயிரம்னு வைத்துக்கொள்வோம். தங்க சத்திரம், சாப்பாடு, ஆட்டோ, படகு, திதிச் செலவு. எப்படிப் போட்டாலும் 12,000 தாண்டவில்லை. மீதி 11,500 எதற்கு? "கொள்ளைப்பா இது. நானே கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டேன்.

இந்தத் தொழிலின் ஆரம்பத்தைப் பார்த்தால் என் கேள்வியில் நியாயம் இருப்பது மாதிரிதான் தெரியும். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருந்து லஃப்பரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டத்துக்காக சுமார் 500 பேரைத் தனி ரயிலில் கூட்டிப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். ரயில் கம்பெனியிடம் பேரம் பேசவும், எந்த ரயில் எப்போது என்று தெரிந்துகொள்ளவும் சாதாரண ஆளுக்கு வழி இல்லாத காலம். அவர் விற்றது அந்தத் தகவலையும் பேரத்தையும்தான். இன்றைக்கு அது நம்ம பாக்கெட்டில் இருக்கிற போனில் கிடைக்கிறது.

டிக்கெட் விஷயத்தில் ஏஜென்ட்டை விட நமக்குத்தான் வசதி அதிகம். முன்பதிவு 120 நாளுக்கு முன் தொடங்கியது, 2024 நவம்பரில் இருந்து 60 நாள் ஆகிவிட்டது. 2025 ஜூலையில் வந்த விதிப்படி, ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும். முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் தட்கல் எடுக்கக் கூடாது. கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், அதையும் காசு கொடுக்காமல் நாமே எடுக்கலாம். அதனால் எங்க வகுப்பு கொடைக்கானல் ட்ரிப்புக்கு ஏஜென்ட் எல்லாம் தேவையே இல்லை (மக்களே, கவனிக்கவும்!).

சரி, காசி?

ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் கணக்கு இடித்தது. எனக்கும் இந்தி தெரியாது, அப்பத்தாவுக்கும் தெரியாது. விசுவநாதர் கோயில் பக்கத்துச் சந்துகளில் வண்டி போகாது, அப்பத்தாவுக்கோ முழங்கால் வலி. இரண்டு நாளுக்கும் மேலான ரயில் பயணத்தில் அதுக்குக் காய்ச்சல் வந்தால்? தங்குகிற இடத்தில் ரூம் இல்லை என்று சொல்லிவிட்டால்? கயாவில் யாரை நம்பித் திதி கொடுப்பது? இதற்கெல்லாம் என் பேப்பரில் வரியே இல்லை. அந்த 11,500 புக்கிங் கூலி இல்லை, பொறுப்புக்கான விலை.

ஆனால் அந்தப் பொறுப்பை அவர் உண்மையிலேயே எடுத்துக்கொள்கிறாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 182-வது பிரிவை நாமெல்லாம் மனப்பாடம் பண்ணியிருக்கிறோம்: இன்னொருவருக்காகச் செயல்பட அமர்த்தப்பட்டவர் ஏஜென்ட். 213-வது பிரிவுப்படி நாம் கேட்டால் அவர் கணக்குக் காட்ட வேண்டும். பேக்கேஜ் விற்கிறவரிடம் போய் "லாட்ஜ்காரன் உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். ஏனென்றால் பெயர்தான் ஏஜென்ட், பெரும்பாலும் அவர் சரக்கு விற்கிற வியாபாரி. வியாபாரியிடம் பில் வாங்க வேண்டும்.

எங்க சொந்தக்காரர் ஒருவர் முன்பு இப்படி ஒரு டூர் போனார். கோயிலுக்குப் பக்கத்தில் ரூம் என்றார்கள், மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போட்டார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம்கூட இல்லை. ஆனால் அவர் கையில் ரசீது இல்லை, வெறும் நோட்டீஸ்தான்.

பெரிய பெயரை நம்பினாலும் முழு நிம்மதி கிடையாது. அந்த தாமஸ் குக் ஆரம்பித்த இங்கிலாந்து கம்பெனியே 2019 செப்டம்பர் 23-ல் மூழ்கியது. (இந்தியாவில் அதே பெயரில் இருப்பது வேறு கம்பெனி.) வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரை அந்த நாட்டு அரசு விமானம் அமர்த்தி அழைத்து வந்தது. நம்ம ஊர் டூர்க்காரர் பாதியில் விட்டுப் போனால் விமானம் வருமா?

அதனால் நான் வந்த முடிவு இது. தப்பு நடந்தால் நாமே சமாளிக்க முடிகிற பயணத்துக்கு ஏஜென்ட் வேண்டாம். முடியாத பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் நான்கு கேள்வி கேட்டுவிட்டு: கூட யார் வருவார்? தங்குமிடத்தின் பெயரை எழுதித் தருவீர்களா? ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும்? ஜி.எஸ்.டி. பில் உண்டா?

நோட்டீஸ் கொடுத்தவர் நான்காவது கேள்விக்கே "தம்பி, நம்பிக்கைதான் முக்கியம்" என்றார். எழுந்து வந்துவிட்டோம். இன்னொருவர் 1,500 ரூபாய் அதிகம் கேட்டார், ஆனால் சமையல்காரரோடு அவரே ரயிலில் வருகிறார். கேட்டதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். பணத்தை அவர் பேங்க் கணக்கில் கட்டினோம்.

இவ்வளவும் பண்ணிவிட்டு அப்பத்தாவிடம், "நான் கூட்டிப் போயிருந்தா பாதிக் காசுதான் ஆகியிருக்கும், தெரியுமா?"ன்னு பெருமையாகச் சொன்னேன். அதுக்கு அப்பத்தா, "நீ வந்தா வழிநெடுக போனைத்தானப்பா பாப்ப. டூர்ல போனா நம்ம ஊர்ப் பொம்பளைக நாலு பேரு வாராக, பேசிக்கிட்டே போயிருவோம்"னு சொல்லுச்சு.

இதுக்கும் என் பேப்பரில் வரி இல்லை :)

மாசியில் கிளம்புகிறார்கள். ரசீது என்னிடம்தான் இருக்கிறது. உங்க வீட்டில் யாராவது இப்படிப் போயிருந்தால், நான் கேட்க மறந்த ஐந்தாவது கேள்வி என்னன்னு சொல்லிட்டுப் போங்க.