கடைமடை அறை

பெரிய வீடுகளுக்குக் கம்பியில்லா இணையம் அமைப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ‘எந்த ரவுட்டர் வாங்கலாம்?’ என்பதே முதற்கேள்வியாக வந்து நிற்கிறது. இக்கேள்வி தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கவில்லை என்பது என் கருத்து. காவிரிப் பாசனத்தை அறிந்தவர்கள், அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதோடு நின்றுவிடுவதில்லை. கடைமடைக்கு நீர் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்பார்கள். வீட்டு இணையத்துக்கும் அதுவே அளவுகோலாக வேண்டும். எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வி. இந்த வீட்டின் கடைசி அறை எது, அதில் இருப்பவர் யார் என்பதே முதற்கேள்வி.

பேச்சு பொதுவாகப் போய்விடாதிருக்கச் செட்டிநாட்டு வீடு ஒன்றை மனத்தில் கொள்வோம். யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் உத்தேசப் பட்டியலில் 2014இல் இடம்பெற்றவை இவ்வட்டாரத்து ஊர்கள். ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள் இங்கு உண்டு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள். இழைவழி இணையத்தைக் கொண்டுவரும் பணியாளர் முகப்பிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். முகப்பில் அமர்ந்து செய்தி பார்ப்பவருக்குக் குறை எதுவும் தெரிவதில்லை. அடுப்படியை ஒட்டிய அறையில் இருப்பவருக்கோ இணையம் என்பது கேள்விப்பட்ட பொருளாகவே இருந்துவிடுகிறது.

இங்கேதான், ‘இதைவிடச் சக்தி வாய்ந்த ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும்’ என்ற ஆலோசனை வருகிறது. இது பெரும்பாலும் வீண்செலவு. கம்பியில்லா இணைப்பு ஓர் உரையாடல். ஒருவர் பேச மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கும் சொற்பொழிவன்று. ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், கையடக்கமான பேசியின் மறுமொழி மெல்லிய குரலில்தான் திரும்பிச் செல்ல வேண்டும். திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் காணொளி உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களும் நம்மை மயக்குகின்றன. ஏஎக்ஸ் 3000 என்றால், இரண்டு அலைவரிசைகளின் ஏட்டளவிலான உச்ச வேகங்களாகிய 574ஐயும் 2402ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண் என்று பொருள். இந்த இரண்டு வேகங்களில் பெரியது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரியது. தடித்த சுவரில் முதலில் தளர்வதும் அதுவே. 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. அண்டை வீட்டு இணையமும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் வந்து நெரிசலை உண்டாக்குகின்றன.

ரவுட்டருக்குத் ‘திசைவி’ என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறோம். நல்ல பெயர். திசை காட்டுவதுதான் அதன் வேலை. செய்திக்கு வழி சொல்லி அனுப்பிவைக்கிறது. அறைக்குள் அலை பரப்புவது வேறொரு வேலை; அதைச் செய்யும் உறுப்பை அக்சஸ் பாயிண்ட் என்பார்கள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் விற்கப்படுவதால் ஒன்றென்றே எண்ணிவிடுகிறோம். பெரிய வீட்டுக்குத் திசைவி ஒன்று போதும். அலை பரப்பும் இடங்கள்தாம் பலவாக வேண்டும்.

அவ்விடங்களை ஒன்றோடொன்று இணைக்க மூன்று வழிகள் உண்டு. மலிவானது ரிப்பீட்டர். ஒரே ரேடியோவால் கேட்டதை மறுபடி சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அடுத்தது மெஷ். தமக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை ஒன்றை ஒதுக்கும் வகை இதில் மேலானது. ஆனால் இரண்டாவது பெட்டியை இணையம் எட்டாத அறைக்குள் கொண்டுபோய் வைப்பதில் பயனில்லை. முதற்பெட்டியின் அலை நன்றாகக் கிடைக்கும் இடைவழியில் வைக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்போருக்கு இதுவே பொருத்தம்.

மூன்றாவது வழி, ஒவ்வோர் அக்சஸ் பாயிண்டுக்கும் கேபிள் இழுப்பது. சொந்தமான பெரிய வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இதனையே. கம்பியில்லா இணையத்துக்குக் கம்பியைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆயினும் வாய்க்கால் இல்லாமல் கடைமடைக்கு நீர் போவதில்லை. முழுச் செம்பாலான கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைச் சுவர்களைப் பொருட்படுத்தாமல் கொண்டுசெல்லும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கைத் தவிர்க்க வேண்டும். அதே கேபிள் வழியே மின்சாரத்தையும் அனுப்பும் ஸ்விட்ச் கிடைக்கிறது. அதனால் இன்னொரு நன்மையும் உண்டு: இணையப் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் முகப்பில் ஒரே யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால், மின்வெட்டின்போதும் கடைசிக் கட்டுவரை இணையம் நிற்கும்.

தேக்குவேலைப்பாட்டைத் துளையிட்டுப் பாழாக்குவதா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. முன்னோர் விட்டுச்சென்ற முற்றம் அலைகளுக்குத் தடையற்ற வெளி. தாழ்வாரத்துக் கூரையோரமாக, மின்கம்பி செல்லும் தடத்திலிருந்து சற்று விலகிக் கேபிளைக் கொண்டுபோய், கட்டுக்கு ஒன்றாக அக்சஸ் பாயிண்ட் வைத்தால், சுற்றியுள்ள பெரும்பாலான அறைகளுக்குக் குறுக்கே நிற்பது ஒரு சுவர் மட்டுமே. ஆளுயரக் கண்ணாடிக்கும் இரும்புப் பெட்டகத்துக்கும் பின்னால் அதை ஒளித்துவைக்கக் கூடாது. உலோகப் பூச்சும் இரும்பும் அலைகளைத் திருப்பியனுப்பும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அலையின் வலிமையை உச்சத்தில் வைக்காமல் நடுத்தரமாக வைக்க வேண்டும். அப்போதுதான் கைபேசி பழைய இடத்தையே பற்றிக்கொண்டிராமல் அடுத்ததற்கு மாறும்.

செலவு கூடுதல் என்பது உண்மை. ஆனால் ரவுட்டர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழசாகின்றன. வைஃபை 7 கருவிகளுக்குச் சான்றளிப்பு 2024இல் தொடங்கியது. ஒருமுறை ஒழுங்காக இழுத்த கேபிளோ கருவிகள் பலமுறை மாறினாலும் நிற்கும்.

இதையெல்லாம் வெறும் வசதி என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. 2020இல் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, பெரிய வீட்டுப் பிள்ளைகளிலும் சிலர் மொட்டைமாடியில் குடைபிடித்து அமர்ந்து என் பாடத்தைக் கேட்டார்கள். நம் வீடுகளில் முகப்பு யாருக்கு வாய்க்கிறது, உள்ளறை யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்பதை நாம் அறிவோம். படிக்கும் பெண், சமைப்பவர், நடமாட்டம் குறைந்த முதியவர் ஆகியோரே பெரும்பாலும் பின்கட்டில் இருக்கிறார்கள். அயல்நாட்டிலிருக்கும் மகனின் முகம் பார்க்க ஒரு தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு முகப்புவரை நடந்து வர வேண்டியிருப்பதற்கு அலைவரிசையை மட்டும் குறைசொல்ல முடியாது. பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தவர்களும் அதற்குப் பொறுப்பு.

எனவே வாங்குவதற்கு முன் கைபேசியில் ஒரு காணொளி அழைப்பை இணைத்துக்கொண்டு, முகப்பிலிருந்து பின்வாசல்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். குரல் அறுபடும் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் பேசும்போது முதலில் அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள். ரவுட்டரின் பெயரைப் பிறகு கேட்கலாம்.