கம்ப்ரசருக்கு உதிரி பாகம் தேடும் முன்

கோவை, சேலம், தர்மபுரி மாவட்டங்களில் பாறைக் கிணற்றை ஆழப்படுத்துவது பெரும்பாலும் கோடை வேலை. அந்தச் சமயத்தில் டிராக்டரில் இழுத்து வந்த கம்ப்ரசர் நின்றுவிட்டால் ஆள் கூலி ஏறும். அதற்குள் மழை பெய்து கிணற்றில் நீர் ஊறிவிட்டால் அந்த ஆண்டு வேலை போயிற்று. நாலைந்து பேர் கூட்டாகப் பழைய கம்ப்ரசர் வாங்கி வைத்திருக்கும் விவசாயிகள், "சாமான் கிடைப்பதில்லை" என்று குறைப்படுகிறார்கள். சாமான் கிடைக்காதது பாதிதான். எந்தச் சாமான் என்று தெரியாமல் கடைக்குப் போவது மீதிப் பாதி என்பது என் கருத்து.

அழுத்தம் ஏறவில்லை என்றதும் பிஸ்டன் ரிங்கை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அதற்கு முன் செலவில்லாத சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். பாறைத் தூளில் ஓடும் இயந்திரத்தில் ஏர் பில்டர் அடைத்துக் கொள்வது சகஜம். இணைப்புகளில் சோப்பு நீரைப் பூசினால் கசியும் இடத்தில் குமிழி வரும். ஓடும்போது காற்று உள்ளே போகும் வாயருகே கையைக் காட்டுங்கள். காற்று திரும்பி வெளியே அடித்தால் பெரிய சிலிண்டரின் உறிஞ்சு வால்வு சரியாக மூடவில்லை. இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையிலுள்ள இன்டர்கூலரின் சிறிய சேப்டி வால்வு விடாமல் சீறினால், கோளாறு பெரும்பாலும் சிறிய சிலிண்டரின் வால்வில் இருக்கும். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் குறையும். காற்றோடு எண்ணெயும் வரும். (பெல்ட் பக்கம் போகும்போது தோளில் துண்டு வேண்டாம்.)

உதிரி பாகங்கள் எல்லாவற்றையும் கம்பெனியிலேயே வாங்க வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணே அதன் அளவு. 6308 என்றால் யார் செய்தாலும் உள்விட்டம் 40 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 90, அகலம் 23. பெல்ட்டில் பி 68 என்றிருந்தால் பி வகை, உட்சுற்று 68 அங்குலம். இரண்டு மூன்று பெல்ட் ஓடும் இயந்திரத்தில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயில் சீலுக்குத் தண்டின் விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்று அளவு தெரிந்தால் போதும். இவற்றையெல்லாம் நல்ல தயாரிப்பாகப் பார்த்து நகரத்துக் கடையில் வாங்கலாம்.

வால்வுத் தகடு, ஸ்பிரிங், ரிங், ஹெட் கேஸ்கெட் சங்கதி வேறு. அவை அந்த மாடலுக்கே உரியவை. தகரத்தை வெட்டி வால்வுத் தகடு செய்து போடுகிறார்கள். அது உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் சேர்ந்து போகும். இவற்றைக் கேட்கப் போகும்போது மாடல் பெயரும் வரிசை எண்ணும் வேண்டும். கம்ப்ரசருக்கும் எஞ்சினுக்கும் தனித்தனித் தகட்டில் பொறித்திருப்பார்கள். வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர் அதன் மேலும் அடித்துவிடுவதுதான் வழக்கம்! தகடு இல்லாத பழைய கம்ப்ரசரைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சேப்டி வால்வு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. சீறுகிறதே என்று அதை முறுக்கி இறுக்குவதும், கழற்றிவிட்டுப் போல்ட் போட்டு அடைப்பதும் வேலையாட்களின் காலடியில் வெடி வைப்பதற்குச் சமம். காற்றுத் தொட்டியில் தேங்கும் நீரைத் தினமும் திறந்துவிடாவிட்டால் உட்புறம் துருப்பிடித்துத் தகடு மெலியும். அப்படி ஓட்டை விழுந்த தொட்டியை ஊர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. தொட்டியையே மாற்ற வேண்டும். டிராக்டரில் வடித்த பழைய எண்ணெயைக் கம்ப்ரசரில் ஊற்றுவதும் தவறு; வால்வில் கரி படியும்.

1960-இல் தொடங்கிய எல்ஜி உள்பட கம்ப்ரசர் செய்யும் கம்பெனிகள் நம் கோவையிலேயே உள்ளன. எந்தக் கம்பெனி இயந்திரமானாலும் படத்தோடு கூடிய பாக விவரப் புத்தகத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். கேட்பவர் பெருகினால் கொடுப்பார்கள்.

கூட்டாக வைத்திருப்பவர்கள் மாசி மாதத்திலேயே ஒரு செட் வால்வுத் தகடு, கேஸ்கெட், பெல்ட், பில்டர் வாங்கி ஒருவர் வீட்டில் வைத்துக் கொள்ளலாம். இந்தச் செலவை ஆளுக்குச் சமமாகப் பிரிப்பதால்தான் சண்டை வருகிறது. ஒரு நோட்டுப் போட்டு, அவரவர் ஓட்டிய மணிக் கணக்குப்படி பிரித்துக் கொள்ளுங்கள்.