மந்த காலத்தில் பண்டம் வாங்கலாமா?

சென்ற வாரம் நண்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். நம்மைப் போல் அவரும் உபாத்தியாயர். அண்மையில் ஓய்வு பெற்றவர். சேமநிதித் தொகை கைக்கு வந்திருக்கிறது. பெண்ணுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. "தொழில் மந்தம் வருமென்கிறார்களே! எண்ணெய், செம்பு என்று கண்ணால் காணும் பண்டத்தில் பணத்தைப் போட்டால் என்ன?" என்று கேட்டார்.

கண்ணால் காணும் பண்டம்! கேட்கத் தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பர் வாங்க நினைப்பது செம்பன்று. இன்ன மாதம் இன்ன விலைக்கு வாங்குவதாகச் சொல்லும் ஓர் ஒப்பந்தம். அவர் செம்பைக் கண்டதெல்லாம் வீட்டுத் தவலையில்தான்.

மந்தம் வந்தால் ஆலைகள் ஓய்கின்றன. வீடு கட்டுவோர் குறைகின்றனர். அப்போது எண்ணெயையும் செம்பையும் யார் வாங்குவார்? 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை ஏறிய எண்ணெய், அவ்வாண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 20-ஆம் தேதி நடந்ததோ விந்தையிலும் விந்தை! கொள்ளை நோயால் உலகமே முடங்கிக் கிடக்க, எண்ணெயை வைக்க இடமின்றி அமெரிக்காவில் விலை சூனியத்துக்குக் கீழே 37 டாலருக்கும் மேல் இறங்கிற்று. மும்பைப் பண்டச் சந்தையிலும் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்றே கணக்குத் தீர்த்தார்கள். வாங்குவதாக ஒப்பந்தம் செய்திருந்தவர்கள் போட்ட முதலை இழந்ததோடு மேலும் பணம் கட்ட நேர்ந்தது.

தங்கத்தின் சங்கதி வேறு. அதை வாங்குவது பெரும்பாலும் ஆலையல்ல, அச்சம். 1929-க்குப் பின் விளைபொருள்களின் விலை நம் நாட்டில் சுமார் பாதியாகச் சரிந்தது. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தன் நாணயத்தைத் தங்கத்தினின்றும் பிரித்தபோது, அதனோடு கட்டுண்டிருந்த நமது ரூபாயும் தாழ்ந்தது. தங்கம் விலை ஏறிற்று. களஞ்சியத்து நெல் கடனடைக்க உதவாமற் போகவே, குடியானவர்கள் வீட்டுப் பெண்டிரின் நகைகளை விற்றார்கள். பம்பாயில் கப்பலேறி லண்டனுக்குப் போன தங்கம் கொஞ்சமா?

இதைக் கேட்டதும் நண்பர், "அப்படியானால் எல்லாவற்றையும் தங்கமாக்கிவிடுகிறேன்" என்று எழுந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தோம். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலராக இருந்த தங்கம், 1982-இன் மந்தத்திலேயே 300 டாலரை ஒட்டி இறங்கிற்று. 1999-இல் ஏறக்குறைய 250. பத்தொன்பது ஆண்டுகள்! இடையில் அது வட்டியும் தரவில்லை.

கலியாணத்துக்கு எப்படியும் வேண்டிய நகையை மாதந்தோறும் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் தபாலாபீஸில் போடும்படி சொன்னோம். "செம்பு?" என்றார் விடாமல்.

தவலைக்கு ஈயம் பூசி வெகுநாளாயிற்றே என்று நினைவூட்டினோம்.